உள்ளே போன சூடு

அத்தியாயம் 7

பையிலிருந்து அருவாளை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு ஆர்த்தி சொன்னாள்:

"பேரு மட்டும் சொல்லுங்க மேடம். மீதிய நான் பாத்துக்கறேன்."

கதிர் அறுக்கிற அருவாள். பிடியில் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. விளிம்பு அன்று காலைதான் தீட்டியதுபோல் பளபளத்தது. எங்கள் அலுவலக மேஜைக்கு இதுவரை வந்த பொருட்களில் கூர்மையானது அதுதான், என் மூளையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் பெயர் முருகவேல். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் த்ரிசலா துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். த்ரிசலா மேடம் அதைத் தொடங்கும் முன் இன்ஜினியரிங் காலேஜில் வெப்ப இயக்கவியல் நடத்தியவர். நான் அதே பாடத்தில் அவரிடமே திரும்பத் திரும்ப அரியர் வைத்தவன். கடைசியில், பரீட்சை எழுதியது போதும், என்னிடம் வேலைக்கு வந்துவிடு என்றார். என் மேல் இரக்கமா, என் விடைத்தாளைத் திருத்தப் பயமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

"யார் பேரும்மா?" என்றார் மேடம், அருவாளைப் பார்க்காதவர்போல.

"என் தம்பியக் கொன்னவன் பேரு."

தம்பி விமல்ராஜ். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வேன் டிரைவர். போன மாதம் அந்த விடுதியின் பின்கட்டுச் சமையலறையில், பின்மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது இவள்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் வேலை பார்த்து, பத்தாவது வரைக்கும் படிக்கவைத்து, டிரைவிங் பழக்கி, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"மாறன்தான் பண்ணான். விடுதியோட முன்பக்கத்துல டிபன் கடை வெச்சிருக்கறவன். வேன் நிறுத்தறதுல ரெண்டு பேருக்கும் தெனம் சண்டை. அன்னிக்கு டமார்னு ஒரு சத்தம் கேட்டுதாம். எல்லாரும் ஓடிப் பாத்தா, மாறன் கையெல்லாம் ரத்தம். போலீஸு கூட்டிட்டுப் போய் விசாரிச்சு, சாட்சி இல்லன்னு விட்டுடுச்சு. இன்னிக்குக் கடையக் காலி பண்ணிட்டு ராத்திரி பெங்களூரு பஸ் ஏறப்போறான்." ஆர்த்தி நிதானமாக மூச்சு விட்டாள். "ஏற மாட்டான்."

"அவன்தான்னு நீயே முடிவு பண்ணிட்ட. எங்ககிட்ட எதுக்கு வந்த?"

"தப்பான ஆள வெட்டிட்டா என் தம்பிக்கு அசிங்கம் மேடம்."

காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள். கண் கலங்கவில்லை. மேடம் தண்ணீர் ஊற்ற உள்ளே போனபோது நான் பின்னாலேயே போய், "நல்லவேளை மேடம், பொண்ணு சாந்தமா இருக்குது" என்று கிசுகிசுத்தேன்.

"சாந்தமா? ஒரு பாத்திரம் ஐஸை அடுப்புல வெச்சு, கலக்கிக்கிட்டே தெர்மாமீட்டர் சொருகிப் பாத்திருக்கியா? கடைசித் துண்டு கரையற வரைக்கும் பாதரசம் பூஜ்யத்த விட்டு நகராது. அதுக்காக அடுப்பு எரியலன்னு அர்த்தமா? சூடு உள்ள போய்க்கிட்டேதான் இருக்குது. வெளிய தெரியல. அதுக்குப் பேருதான் உள்ளுறை வெப்பம். பரீட்சையில கேட்டிருந்தேன்."

"நான் அதை சாய்ஸ்ல விட்டுட்டேன் மேடம்."

"அது கட்டாயக் கேள்வி."

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டம்ளரில் ஊற்றியதும் அவர் கை தானாகப் போய்ச் செம்பை மூடியது. மேடம் ஜைனக் குடும்பம். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறவர்கள். தண்ணீரை வடிகட்டுவார், காய்ச்சுவார், அடுத்த நொடியே மூடுவார். திறந்து கிடந்தால் பூச்சி விழுந்து சாகும், அந்தப் பாவம் மூடாதவன் தலையில் என்பார். எங்கள் அலுவலகத்தில் மூடி இல்லாத ஒரே பாத்திரம் என் வாய்தான்.

ஆர்த்தி தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். விமல்ராஜ் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பொருள். சதுரமான எண்ணெய் டின், திருகு மூடி போட்டது. சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

"இதாலயே அடிச்சிருக்கான் மேடம். அடிச்ச வெறியில டின்னே இப்படி ஆயிடுச்சு."

"இந்தக் காலி டின்னால அடிச்சா கரப்பான்பூச்சிகூட திரும்பி நின்னு ஏன்டான்னு கேக்கும்" என்றேன்.

மேடம் என்னை முறைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். "அடிச்சா ஒரு பக்கம் நசுங்கும். கூடிப்போனா ரெண்டு பக்கம். இது நாலு பக்கமும் ஒரே மாதிரி உள்ள போயிருக்கு. பெயிண்ட்ல ஒரு கீறல் இல்ல. நாலு பேரு சுத்தி நின்னு ஒரே நேரத்துல அடிச்சாத்தான் இப்படி ஆகும்."

"அஞ்சாவதா ஒருத்தன் தாளம் போட்டிருக்கணும்."

மேடம் சிரிக்கவில்லை. அவர் விரல் டின்னின் வாயில் போய் நின்றது. "மூடி இறுக்கமா திருகியிருக்கு" என்றார். அப்போது அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

"இருட்டறதுக்குள்ள உனக்குப் பேரு சொல்றேன். அதுவரைக்கும் இந்த அருவா எங்க டிராயர்ல இருக்கட்டும்."

"அருவா எங்கூட வரும்" என்று அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள் ஆர்த்தி.

பின் சீட்டில் தீட்டிய அருவாளோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் அலுவலகத்தின் பழைய வேனுக்கு பிரேக் போடுவது தனிக் கலை. பெரியார் சிலையைத் தாண்டுவதற்குள் நான் அதில் தேறிவிட்டேன். மழை விட்டு ரோடெல்லாம் ஈரம். தீபத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தாலும் வெளியூர் பஸ்கள் இப்போதே ஊருக்குள் திணறிக்கொண்டிருந்தன.

மேடம் எஸ்.ஐ. பரசுராமனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கேஸை விசாரித்தவர் அவர்தான்.

"சார், அந்த எண்ணெய் டின்னோட மூடியத் திறந்தது யாரு?"

"நாந்தாம்மா. கையால வரவே இல்ல. ஸ்பானர் போட்டுத் திருகினேன். உள்ள ஒண்ணும் இல்ல, ஒரு சொம்பு தண்ணி. வெறும் தண்ணி."

"திறக்கறப்ப சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சே. சோடா பாட்டில் மாதிரி உஸ்ஸுனு."

"சோடா பாட்டில்ல காத்து வெளிய வரும். இதுல?"

"அட... ஆமாம்மா. விரல டின்னு வாயில வெச்சுப் பாத்தேன். உள்ள இழுத்துச்சு."

"தேங்க்ஸ் சார். பொழுது சாயறப்ப விடுதிப் பக்கம் வாங்க."

"கேஸ் முடியுதா?"

"டீ குடிக்க வாங்க."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "சோடாவும் டீயும் ஆச்சு. எனக்குக் கொஞ்சம் விஷயமும் குடுங்க மேடம்."

"உங்க வீட்ல குக்கர் ஆறினப்புறம் மூடி சில சமயம் பிடிச்சுக்கும் இல்ல?"

"அம்மா வெயிட்டத் தூக்கி விடுவாங்க. உடனே திறந்துக்கும்."

"எதனால? தண்ணி ஆவியானா ஊதிப் பெருசாகும். ஒரு டம்ளர் தண்ணியோட ஆவி ஒரு பெரிய டிரம்முக்கு மேல வரும். அதே ஆவி குளிர்ந்தா மறுபடி ஒரு டம்ளர் தண்ணிதான். மீதி இடம் பூரா காலி. இப்ப ஒரு டின்னுல கொஞ்சமா தண்ணி ஊத்தி நல்லா கொதிக்க விடு. ஆவி வந்து உள்ள இருக்கற காத்தையெல்லாம் வெளிய தள்ளிடும். உள்ள தண்ணியும் அதோட ஆவியும் மட்டுந்தான், வேற எதுவும் கலக்காம சுத்தமா. அந்த நேரம் பாத்து எறக்கி மூடிட்டா?"

"ஆவி குளிரும். உள்ள காலியாகும்."

"வெளிய இருக்கற காத்து நாலு பக்கமும் அமுக்கும். தகரம் எத்தன நேரம் தாங்கும்? டமார்!"

எனக்கு ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடிவிட்டது. "அப்ப அந்த டின்ன யாருமே அடிக்கலையா?"

"யாரும் தொடல. தானா நசுங்கிச்சு. உள்ள காத்து கலந்திருந்தா இவ்வளவு நசுங்காது, ஏன்னா காத்து குளிர்ந்தாலும் காத்துதான். அதனால மூடினவன் எங்கயோ இருந்து அப்புறமா வந்து மூடல. அடுப்புலேர்ந்து எறக்கின கையே சுடச்சுட மூடியிருக்கு. அப்புறம் அந்தக் கை அங்கிருந்து போயிருக்கு. டின்னு ஆற, ஒரு காபி குடிக்கிற நேரம் பிடிச்சிருக்கும்."

பின் சீட்டிலிருந்து ஆர்த்தியின் குரல் வந்தது. "அப்ப சத்தம் கேட்டப்ப எவன் எங்க இருந்தான்ங்கறது தேவையில்ல. அதுக்கு முன்னாடி எவன் எங்க இருந்தான், அதான் வேணும்."

எனக்கு இதைப் புரிந்துகொள்ள மூன்று அரியர் ஆகியிருக்கும்.

விடுதி வாசலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் மலையைப் பார்த்து நின்றிருந்தார்கள். முன்பக்க டிபன் கடையில் மாறன் தோசைக்கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். ஆர்த்தியைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. அவளோ பையின் வாயைப் பிடித்தபடி அவன் கழுத்தைப் பார்த்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அது வீரம் இல்லை, அங்கே வேறு இடம் இல்லை.

"இன்னாங்க, இன்னும் எத்தினி வாட்டி சொல்றது?" என்றான் மாறன். "வேன் நிறுத்தறதுக்குச் சண்டை போட்டேன், வாஸ்தவம். அதுக்காகக் கொல்லுவாங்களா? சத்தம் கேட்டு ஓடினேன். பையன் குப்புறக் கெடந்தான். தூக்கி மடியில வெச்சேன். அந்த ரத்தம்தான்."

"சத்தத்துக்கு முன்னாடி எங்க இருந்த?"

"இங்கதான். தனியா சட்னிக்கு அரைச்சினு இருந்தேன்."

சாட்சி இல்லை. எனக்கு அவன் மேல் சந்தேகம் ஏறத்தான் செய்தது. மேடம் அதை விட்டுவிட்டு வேறு எங்கோ போனார்.

"பின்கட்டு அடுப்புல எண்ணெய் டின்னுல தண்ணி காய்ச்சுவீங்களா?"

"காய்ச்சுவோம். எண்ணெய்ப் பாத்திரம் கழுவ. அடுப்பு விடுதிக்கும் கடைக்கும் பொது, யார் வேணா வெப்பாங்க."

"காய்ச்சி மூடுவீங்களா?"

மாறன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "கழுவற தண்ணிய எதுக்குங்க மூடறது? மூடியெல்லாம் ஆணியில கோத்து மாட்டி வெச்சிருப்பேன். மூடியோட போட்டாத்தான் பழைய டின்னுக்கு வெலை ஜாஸ்தி."

மேடம் தலையாட்டினார். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த முகம் இல்லை அது. கிடைக்கவே கூடாது என்று நினைத்த பதில் கிடைத்த முகம்.

முன்கூடத்தில் ஜீவகுமார் இருந்தார். விடுதியின் சொந்தக்காரர், மேடத்துக்கு மாமா முறை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தரையில் எறும்பு போனால் நின்று வழிவிட்டு நடக்கிறவர். ஊரில் அவர் பேருக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் உண்டு. அவருடைய ஒரே மகன் அபிநந்தன் இரண்டு வருடத்துக்கு முன் இதே செங்கம் ரோட்டில் வேன் மோதிச் செத்தான். அபி என்னோடு படித்தவன். வெப்ப இயக்கவியலில் அவன் முதல் மார்க், நான் கடைசி. எங்கள் இருவருக்கும் நடுவில்தான் மொத்த வகுப்பும் இருந்தது. அந்த வேனை ஓட்டியவன் விமல்ராஜ்.

ஜீவகுமார் அவனை மன்னித்தார். குறுக்கே நாய் வந்ததால் வண்டி திரும்பியது, பையன் மேல் தப்பில்லை என்று அவரே போலீஸில் போய்ச் சொன்னார். வேலை போய் நின்றவனைக் கூப்பிட்டுத் தன் விடுதியிலேயே வேன் சாவியைக் கொடுத்தார். அப்படியும் ஒரு மனிதரா என்று ஊரே பேசியது. ஆர்த்தி அவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கால் தொட்டுக் கும்பிட்டாள்.

"எழுந்திரும்மா" என்றார் அவர். "சத்தம் கேட்டப்ப நான் இங்க விருந்தாளிங்களோட உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன். ஓடிப்போய் என்ன பிரயோஜனம்?"

"அதுக்கு முன்னாடி பின்கட்டுக்கு வந்தீங்களா மாமா?" என்றார் மேடம்.

"இல்லம்மா. அன்னைக்கு க்ஷமாவணி, உனக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியாது. மேடம் சொன்னார். ஜைனர்களின் பத்து நாள் தசலட்சண விரதம் முடிந்ததும் வருகிற நாள். வருடம் பூராவும் தெரிந்தும் தெரியாமலும் செய்த தீங்குக்கு ஒவ்வொருவரும் கைகூப்பி மற்றவரிடம் மன்னிப்புக் கேட்பார்கள். சின்னவர் பெரியவர் என்று பார்ப்பதில்லை.

"விமல்ராஜ்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கறதுக்குள்ளதான் இப்படி ஆயிடுச்சே" என்று அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

மேடம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "மாறன் ஊரை விட்டுப் போறான். இந்தப் பொண்ணு மனசு ஆறல. போறதுக்கு முன்னாடி எல்லாரும் பின்கட்டுல உக்காந்து ஒரு வார்த்தை பேசிடலாம் மாமா. நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

"தாராளமா" என்றார் ஜீவகுமார்.

பின்கட்டில் எல்லோரும் உட்காரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மேடம் வழக்கமாகப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். அன்று சாப்பிடவே இல்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் என் வயிறு அதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தது. மேடம் சொன்னபடி நான் ஒரு காலி எண்ணெய் டின்னில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். டீத்தூள் டப்பாவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆணியிலிருந்து ஒரு மூடியைக் கழற்றி மேடையில் போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்து, டின்னின் வாயிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்தேன். துணி பிடித்து டின்னை இறக்கி, ஜீவகுமார் காலடியில் ஈரக் கல்தரையில் வைத்துவிட்டு, டம்ளர் கழுவுகிற சாக்கில் நகர்ந்துகொண்டேன்.

டியூப்லைட்டைப் போட்டதும் மழை ஈசல் கூட்டமாக வந்தது. விளக்கைச் சுற்றியது, சுவரில் மோதியது, றெக்கை உதிர்ந்து கீழே விழுந்தது.

"மனசுல வஞ்சம் வெச்சுக்காதம்மா" என்று ஜீவகுமார் ஆர்த்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு பரிவு. "அது வெச்சிருக்கறவங்களத்தான் எரிக்கும். நான் என் பையன எடுத்தவனையே மன்னிச்சேன். நீ மாறன மன்னிச்சுடு."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க!" என்று மாறன் கத்தினான்.

ஆர்த்தி மடியில் பையை வைத்து, உள்ளே கைவிட்டிருந்தாள்.

டின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஈசல் விழுந்தது. அடுத்தது விளிம்பில் விழுந்து துடித்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், குளிரில் உட்கார்ந்திருப்பவர்போல. மாறன் டின்னைப் பார்க்கவே இல்லை. ஆர்த்தியும் பார்க்கவில்லை.

ஜீவகுமார் பேச்சை நிறுத்தவில்லை. "மன்னிக்கறது மாதிரி ஒரு நிம்மதி கெடையாதும்மா" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். துண்டு முனையால் விளிம்பிலிருந்த ஈசலை மெல்லத் தள்ளிவிட்டார். மேடையிலிருந்த மூடியை எடுத்து, துண்டைச் சுற்றிப் பிடித்து, டின்னின் வாயில் வைத்து இறுக்கித் திருகினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடம் கண்களை மூடிக்கொண்டார்.

யாரும் அதை ஒரு செயலாகவே கவனிக்கவில்லை. அவரும்தான். மன்னிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார். நான் கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன். தகரத்தில் டக்கென்று ஒரு சின்ன சத்தம் கேட்டது.

டமார்!

மாறன் துள்ளி எழுந்து சுவரில் மோதிக்கொண்டான். "இதே சத்தம்! அன்னிக்கு இதே சத்தந்தாங்க!"

கல்தரையில் டின் நாலு பக்கமும் உள்ளே போய்ச் சப்பையாக நின்றது.

"எல்லாரும் இங்கதான் இருந்தோம்" என்றார் மேடம். "யாரும் அடிக்கல. கொதிக்கக் கொதிக்க எறக்கினத யாரோ மூடினாங்க, அதனால நசுங்கிச்சு. மூடினது யாரு?"

எல்லோருடைய கண்ணும் ஜீவகுமாரின் கையில், ஆவியில் நனைந்த துண்டு முனையில் போய் நின்றது.

"பழக்கதோஷம்மா" என்றார் அவர். "ஈசல் விழுந்து..."

"எனக்கும் அந்தப் பழக்கம் இருக்கு மாமா. அதான் கைய இப்படிக் கட்டி வெச்சிருக்கேன்." மேடம் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்துக் காட்டினார். விரல்கள் வெளுத்திருந்தன. "இந்த வளாகத்துல சுடுதண்ணிய எறக்கின கையோட மூடறவங்க ஒரே ஒருத்தர்தான். பின்கட்டுக்கே வரலன்னு சொன்னீங்க. ஆனா அன்னைக்கும் நீங்க தண்ணி காய்ச்ச இங்க வந்தீங்க. டின்ன எறக்கினீங்க, மூடினீங்க. கூடத்துக்குப் போய் விருந்தாளிங்க நடுவுல உக்காந்தப்புறம் டின்னு டமார்னு நசுங்கிச்சு. நீங்க கேக்காமலே உங்களுக்கு ஒரு சாட்சி கெடச்சுது."

"ஒரு மூடிய வெச்சு நீ..."

"கோர்ட்டு இத ஒத்துக்காது. நீங்க இல்லன்னு சொன்னா நான் எழுந்து போயிடுவேன். நான் போனதும் இந்தப் பொண்ணு மாறன வெட்டுவா. பையில அருவா இருக்கு." மேடம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "ஒரு ஈசல் சாகக்கூடாதுன்னு பதறினீங்களே மாமா. இவன் சாகலாமா?"

ஜீவகுமார் நசுங்கிய டின்னைப் பார்த்தபடி இருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது அந்தப் பரிவான குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"தெனம் காலையில அவன் கையில வேன் சாவியக் குடுப்பேன். கை எரியும். பொறுத்துக்குவேன். நாய் குறுக்க வந்துச்சு, அவன் என்ன பண்ணுவான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அன்னைக்கு இங்கதான், இந்த அடுப்புகிட்ட, நானே அவனக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் அழுதுட்டான். நீங்க எதுக்குங்க கேக்கறீங்க, நாந்தான் கேக்கணும்னான். நாயே வரலைங்க, போன்ல வீடியோ பாத்துக்கிட்டே ஓட்டினேன்னான்."

மாறன் வாயில் கை வைத்தான். எனக்கு அந்த நிமிடம் விமல்ராஜ் மேல், செத்துப்போனவன் மேல், கோபம் வந்தது. அபியின் சிரித்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"கால்ல விழக் குனிஞ்சான்" என்றார் ஜீவகுமார். "பக்கத்துல வேனோட ஜாக்கி ராடு சாத்தியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ராடக் கெணத்துல போட்டேன். டின்ன மூடினது எனக்கு ஞாபகமே இல்ல."

காலையில் மேடம் ஐஸைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் தெர்மாமீட்டரை ஆர்த்திக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடமாக இந்த மனிதருக்குள் சூடு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஊர் அவர் முகத்தைப் பார்த்துப் பூஜ்யம் என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆர்த்தி எழுந்தாள். அருவாள் பையை விட்டு வெளியே வந்திருந்தது.

"ஆர்த்தி!" என்று நான் பாய்ந்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அப்புறமும் சொல்லவில்லை.

ஜீவகுமார் தரையில் மண்டியிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினார். "வெட்டிடும்மா" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "என்னால முடியல. வெட்டிடு."

அருவாளின் நுனி அவர் பிடரிக்கு மேலே நின்றது.

"என் தம்பி பண்ணது தப்பு" என்றாள். "எங்கிட்டகூட நாய்னுதான் சொன்னான். என் மூஞ்சியப் பாத்து பொய் சொன்னவன், உங்க மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல முடியாமதான உண்மையச் சொன்னான்? மன்னிப்புக் கேக்கத்தான வந்தான்? குனிஞ்சவனப் பின்னாடிலேர்ந்து அடிச்சீங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன், வெட்டு."

"மாட்டேன். வெட்டினா உங்களுக்கு முடிஞ்சிடும்."

அவள் அருவாளைத் தாழ்த்தினாள். வாசலில் எஸ்.ஐ. பரசுராமனின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆர்த்தி அதைக் கண்டுகொள்ளாமல் ஜீவகுமாருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசினாள். காலையில் எங்கள் அலுவலகத்தில் பேசிய அதே குரல்.

"உங்களுக்கு வருஷா வருஷம் அந்த நாளு வருமில்ல, மன்னிப்புக் கேக்கற நாளு? அன்னிக்கு உங்கள எந்த ஜெயில்ல வெச்சிருந்தாலும் நான் மனு போட்டு வருவேன். உங்க முன்னாடி நிப்பேன். நீங்க கேக்கணும். கேக்காம இருக்க உங்களால முடியாது. நான் முடியாதுன்னு சொல்லிட்டு பஸ் ஏறுவேன். நீங்க இருக்கற வரைக்கும் வருவேன்."

ஜீவகுமாரின் உடம்பு குலுங்கியது. இரண்டு வருடத்தில் யாரும் பார்க்காத அழுகை அது. அவர் கைகள் தாமாகக் குவிந்தன, டின்னை மூடப் போனதுபோலவே.

"மன்னிச்சுடும்மா..."

ஆர்த்தி எழுந்து புடவைத் தலைப்பை உதறிக்கொண்டாள். மாறனிடம் போய், அருவாளை அவன் தோசைக்கல் கட்டின சாக்கின் மேல் வைத்தாள். பிறகு வாசலில் நின்று திரும்பினாள்.

"இது இந்த வருஷத்துக்கு" என்றாள். "மாட்டேன்."